அப்பாவின் பாய்மரப் படகில் மக்கிய மரம்: எதுவரை வெட்டுவது?

ஆற்றங்கரை டீச்சர், புதுச்சேரி
9 பிப்ரவரி 2025

வணக்கம். அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். மரவேலை என் தொழில் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். அதனால் சுருக்காமல் விளக்கமாகவே சொல்லுங்கள், புரிந்துகொள்வேன்.

அப்பாவின் படகு 20 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். 1988-இல் கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரைப் பட்டறை ஒன்றில் சொல்லிக் கட்டியது. ஏரா (படகின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை) வேங்கை, வங்குகள் (விலா எலும்பு போன்ற வளைகட்டைகள்) கருவேலம், பலகைகள் முக்கால் அங்குலத் தேக்கு. மீன்பிடிக்க இல்லை, பாய் விரித்துப் போய்வரும் ஆசைக்காகவே கட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆற்று முகத்துவாரம் தாண்டி வெளியே போவோம், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த அன்று தென்னை ஒன்று சாய்ந்து வலப்பக்கப் பலகைகள் நான்கு உடைந்தன. பண்ருட்டிப் பக்கம் அதே புயலில் விழுந்த பலா மரம் ஒன்றை அப்பா வாங்கி வந்து அறுத்து, ஒரு வருடம் நிழலில் அடுக்கிக் காயவைத்து, அதற்கப்புறம்தான் மாற்றினார். அந்த நான்கு பலகையும் இன்றும் கல் மாதிரி இருக்கின்றன. கெட்டது வேறு இடத்தில்.

2019-இல் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. படகில் லேசாகக் கசிவு இருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தோம். உள்பக்கம் அடிப்பகுதி முழுக்க ஃபைபர் துணி விரித்து ரெசின் பூசிக் கொடுத்தார்கள். 'இனிமே ஒரு சொட்டு வராது' என்றார் அந்தப் பட்டறைக்காரர். அப்பா உள்ளே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2021-இல் அப்பா போய்விட்டார். அதிலிருந்து படகு மாமாவின் தென்னந்தோப்பில் தார்ப்பாய்க்குள் இருந்தது. இறுக்கிக் கட்டியது நான்தான். காற்றுகூடப் புகாதபடி கட்டினால்தான் பத்திரம் என்று நினைத்தேன்.

போன நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தார்ப்பாய் கிழிந்து, படகு தண்ணீர்த் தொட்டி மாதிரி நிரம்பி நின்றது. வீட்டைப் பார்த்து, பள்ளியைப் பார்த்து, தோப்புக்குப் போய்ச் சேரும்போது டிசம்பர் பாதி ஆகிவிட்டது. தண்ணீர் தானாக வடியவே இல்லை. பக்கெட்டால் மொண்டு ஊற்றினேன்.

பொங்கல் விடுமுறையில் ரெசினை ஒரு மூலையில் உளி வைத்து நெம்பினேன். பழைய சுவரொட்டி உரிகிற மாதிரி ஒரு முழத்துக்கு ஒரே இழுப்பில் வந்தது. அடியில் மரம் கறுப்பாக, ஈரமாக, காளான் வாடையோடு இருந்தது. பாய்மரத்தின் அடி உட்காரும் கட்டையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவது போல இரண்டு அங்குலம் இறங்கியது. ஒரு துண்டைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நீளவாக்கிலும் குறுக்கிலும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக, எரிந்து அணைந்த கரி மாதிரி. விரலால் நசுக்கினால் மூக்குப்பொடி போல ஆகிறது. எடையே இல்லை.

அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், பின்பலகையின் இடது மூலை இதே நிலை. மேல்தட்டில், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளுக்கான இரும்புத் தகடு நுழைகிற இடமும் மெத்தென்று இருக்கிறது. 14 ஜோடி வங்குகளில் இடப்பக்கம் ஐந்தின் அடிப்பாகம் சரியில்லை. தேக்குப் பலகைகள் பெரும்பாலும் தட்டினால் 'டங்' என்றுதான் கேட்கிறது.

மக்கிய மரத்தில் ஊற்றினால் ஊறி இறுகிவிடும் என்று ஒரு திரவம் விற்கிறார்களே, அதை நம்பலாமா? வெட்டுவதென்றால் எதுவரை? அப்பா தொட்ட மரத்தை முடிந்தவரை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கடலுக்குப் போகிற படகாகவே இருக்க வேண்டும், காட்சிப் பொருளாக இல்லை.

இன்னொன்று. ஏராவை ஒட்டி, ரெசினுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைச் சங்கிலியின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்துச் சங்கிலியைவிடக் கொஞ்சம் தடிமன். இழுத்தால் வரவில்லை. அப்பா அதை முன்னும் பின்னும் இழுத்தது நினைவிருக்கிறது, கிர்ர் கிர்ர் என்று சத்தம் வரும். எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்காவது தெரியுமா?


முதுநகர் பட்டறை, கடலூர்
10 பிப்ரவரி

அம்மா, வணக்கம். மூன்று தலைமுறையாகப் படகு கட்டுகிறோம், எனக்கு இப்போது 66 வயது. உங்கள் அப்பா கட்டின படகு எங்கள் பட்டறையா, பக்கத்துப் பட்டறையா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் வேங்கை ஏராவும் கருவேல வங்கும் அந்தக் காலத்தில் இங்கே வழக்கம்தான்.

முதலில் சங்கிலி. அதில்தான் உங்கள் படகின் வியாதியே இருக்கிறது. வங்கு ஏராவில் வந்து உட்காரும் இடத்தில், ஒவ்வொரு வங்குக்கும் அடியில் ஒரு விரல் போகிற அளவு துளை விடுவோம். முன்னால் விழுந்த தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக ஓடிப் பின்னால் பள்ளத்துக்கு வந்து சேரும், அங்கிருந்து இறைத்துவிடலாம். துளையில் தூசி, மரச்சீவல், பெயின்ட் பொருக்கு அடைத்துக்கொள்ளும். அதற்காக எல்லாத் துளைகளிலும் ஒரே சங்கிலியை ஓட்டி வைப்பார்கள் சிலர். வாரம் ஒரு தடவை இழுத்து விட்டால் அடைப்பு போய்விடும். எல்லோரும் வைக்க மாட்டார்கள். உங்கள் அப்பா வைத்திருந்தார் என்றால் படகைத் தெரிந்தவர்.

ரெசின் பூசியவர்கள் எல்லாத் துளையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். ஒவ்வொரு வங்கு இடைவெளியும் தனித்தனிக் கிணறாகிவிட்டது. மேலே தார்ப்பாய், உள்ளே புழுக்கம். கடல் தண்ணீரில் மரம் சீக்கிரம் மக்காது, புழுதான் துளைக்கும். மக்க வைப்பது மழைத்தண்ணீர். ஆறு வருடமாக மேல்தட்டு வழியாக மழை சொட்டி, போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. ஃபெஞ்சல் வந்து காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தத் திரவத்தை வாங்காதீர்கள். ஜன்னல் சட்டத்தில் ஒரு மூலை என்றால் சரி. பாய்மரம் நிற்கிற கட்டையில் கூடாது. மேலே அரை அங்குலம் கெட்டியாகும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் இறங்காததால் நீங்களும் நல்லது என்று நம்பிவிடுவீர்கள். காற்று பலமாக அடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. படகை நேராக நிறுத்துங்கள். தென்னந்தோப்பு மணலில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். ஏராவுக்குக் கீழே மூன்று அடிக்கு ஒரு கட்டை, நூல் கட்டிப் பார்த்து ஒரே மட்டம். இரண்டு பக்க வயிற்றுக்கும் முட்டுக் கொடுங்கள். கோணலாக நிற்கும்போது வங்கைக் கழற்றிப் புதிது போட்டால், அந்தக் கோணல் அப்படியே படகில் தங்கிவிடும்.

அப்புறம் ரெசின் முழுவதையும் எடுங்கள், பாதியில் விடாதீர்கள். கொட்டகை போட்டு நிழலில் காயட்டும். கீற்று போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். வெயிலில் வைத்தால் தேக்குப் பலகை சுருங்கி இணைப்பெல்லாம் வாய் பிளந்துவிடும். இரண்டு மாதமாவது ஆகும்.

காய்ந்தபின் சாக்பீஸால் குறியுங்கள். சின்னக் கொட்டாப்புளியால் நான்கு விரலுக்கு ஒரு தட்டு. சத்தம் மாறுகிற இடத்தில் தமரூசியால் குத்துங்கள். சந்தேகம் இருந்தால் மெல்லிய துரப்பணத்தால் துளை போட்டு வெளியே வருவதைப் பாருங்கள். நல்ல மரம் சுருள் சுருளாக, அதன் நிறத்தோடு, அதன் வாசனையோடு வரும். கெட்டது கறுத்த பொடியாக வரும். கெட்டது முடிகிற இடத்திலிருந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். குறுக்கே நான்கு விரல் போதும். கண்ணுக்குத் தெரியாமல் பூசணத்தின் வேர் ரேகையோடுதான் ஓடியிருக்கும்.

அப்பா தொட்ட மரம் என்கிறீர்கள், மனசு புரிகிறது. அந்த ஒரு சாணுக்கு மேல் நல்ல மரம் ஒரு அங்குலம்கூட வெட்ட வேண்டாம். கெட்டதில் ஒரு அங்குலம்கூட விட வேண்டாம்.


தெற்குக் காற்று, சென்னை
10 பிப்ரவரி

டீச்சர், பெரியவர் சொன்னதில் எல்லாம் எனக்கு உடன்பாடு. நான் இயந்திரப் பொறியாளர். இரண்டு பழைய பாய்ப்படகுகளைப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். ஒட்டு வேலை பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

உங்களுடைய உரிந்து வந்த ரெசின் பாலியஸ்டராகத்தான் இருக்கும். ஃபைபர் படகுக்கு அது போதும், ஆனால் மரத்தை நன்றாகப் பிடிக்காது. அதுவும் தேக்கில் எண்ணெய் அதிகம். மரத்துக்கு, ரெசினும் இறுக்கியும் கலந்து ஒட்டுகிற எபாக்ஸிதான். அதற்கும் மரம் காய்ந்திருக்க வேண்டும். பூசணம் வளர 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், 28, 30-ஐத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஒட்டுவதற்கு 15-க்குக் கீழே, முடிந்தால் 12. ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: உப்பு ஊறிய மரத்தில் மீட்டர் கூட்டித்தான் காட்டும். அதனால் ஒரே இடத்தில் வாரா வாரம் அளந்து, எண் இறங்குவது நின்றதா என்று பாருங்கள்.

பலகையை இணைக்க முட்டுக்கு முட்டு வைக்காமல், இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வையுங்கள். கனத்தைப் போல எட்டு மடங்கு சாய்வு. உங்கள் முக்கால் அங்குலப் பலகைக்கு ஆறு அங்குலம். பாய்மரத்திலேயே கெட்டிருந்தால் அதற்கு 12 மடங்கு. தேக்கை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடையுங்கள், துணி மஞ்சளாவது நிற்கும்வரை. முதலில் வெறும் எபாக்ஸி தடவி ஊறவிட்டு, அப்புறம் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கியதைப் பூசுங்கள். கிளாம்பை மூச்சுப் பிடித்து முறுக்காதீர்கள். பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றுமிருக்காது.

நம் ஊர் வெயிலில் ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். நான் முதல் தடவை அரைக் கிலோ கலந்தேன். கப்பிலேயே கொதித்துப் புகைந்து இறுகிவிட்டது. அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் தாங்கும். கையுறை கட்டாயம்.

பெரியவரிடம் ஒன்று கேட்கிறேன். வங்குகளுக்குக் கருவேலமே வேண்டுமா? மெல்லிய பட்டைகளை வளைத்து எபாக்ஸியில் அடுக்கி ஒட்டினால் அதே வளைவு வருமே, பலமும் குறையாது.


முதுநகர் பட்டறை, கடலூர்
11 பிப்ரவரி

தம்பி, அடுக்கி ஒட்டுவது தப்பில்லை, பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்பது வங்கு கருவேலமும் ஐந்து வங்கு ஒட்டினதும் என்றால் இறுக்கம் ஒரே மாதிரி இருக்காது. பழைய வங்கு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், புதிது கொடுக்காது. பலகை அந்த இடத்தில்தான் வெடிக்கும். வளைந்து வளர்ந்த கிளையாகப் பார்த்து எடுத்தால் ரேகையும் வளைவோடு போகும், வெட்டி வளைவு எடுக்க வேண்டியதில்லை.

டீச்சருக்கு இன்னொன்று. மரவாடியில் வாங்கும்போது வைரம் பாய்ந்த மரமாகப் பாருங்கள். ஓரத்து வெள்ளை ஒரு நூல்கூட வேண்டாம். தேக்காக இருந்தாலும் வெள்ளை மக்கும். மேல்தட்டுக்கு பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், 303 முத்திரை வீட்டு அலமாரிக்கு.


தோணிக்காரர் பேரன், தூத்துக்குடி
13 பிப்ரவரி

அக்கா, எங்க தாத்தா இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர். மரவேலை செய்கிறவரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். ஆணி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

மேல்தட்டில் இரும்புத் தகடு என்றீர்கள். அந்தத் தகட்டைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக இருக்கிறதா பாருங்கள். இரும்பு துருப்பிடித்து மரத்தைத் தின்பது தனி வியாதி, மழைத்தண்ணீர் மக்கல் வேறு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மரம் நார் நாராகப் போய்விடும். தகட்டை மாற்றாமல் மரத்தை மட்டும் மாற்றினால் ஐந்து வருடத்தில் திரும்ப இதே வேலை. ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்தது என்று சொல்வார்கள். காற்றுப் படுகிற இடத்தில் சரி. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஈர மரத்துக்குள் புதைந்திருக்கும்போது வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துப் பாதியாகியிருக்கும். பலகைக்குச் செம்பு ஆணியும் செம்பு வாஷரும் வைத்து அடித்து மடக்குவதுதான் நல்லது.

தாத்தா மேல்தட்டை எப்போதும் கடல் தண்ணீரில்தான் கழுவச் சொல்வார். மழை பெய்து ஓய்ந்த உடனே ஒரு வாளி உப்புத்தண்ணீர் எடுத்து ஊற்றுவார். உப்பு ஏறின மரத்தில் பூசணம் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் படகு திரும்பத் தண்ணீரில் இறங்கினதும் அதை மட்டும் செய்யுங்கள்.


ஆற்றங்கரை டீச்சர், புதுச்சேரி
2 மார்ச்

எல்லோருக்கும் நன்றி. முதுநகர் ஐயா, சங்கிலி பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. அப்பா அன்றைக்கு உள்ளே குனிந்து பார்த்தது அந்தத் துளைகளைத்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது அவரால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது.

இதுவரை நடந்தது: மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ரெசின் முழுதும் எடுத்தாயிற்று. மாமா பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் கையால் உரித்தோம், பிடித்திருந்த இடத்தில் உளி. ஏராவுக்கு ஏழு கட்டை வைத்து நூல் பிடித்தோம். ஐயா சொன்னது போலவே அமரம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. லாரி ஜாக்கி வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு நூல் (கால் அங்குலம்) வீதம் ஆறு நாளில் ஏற்றினோம். ஏற்றி முடித்தபோது பின்பலகையில் ஒரு விரிசல் தானாக மூடிக்கொண்டது.

கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. மீட்டர் வாங்கினேன். முதல் அளவு: பாய்மரக் கட்டையில் 38, இடப்பக்க வங்குகளில் 31 முதல் 35, தேக்குப் பலகைகளில் 19. நேற்று: 29, 24, 16. நோட்டில் கோடு வரைந்து வருகிறேன், வளைவு மெதுவாகத் தட்டையாகிறது.

தட்டிப் பார்த்ததில் இடப்பக்க வங்கு ஐந்து என்று நினைத்தது ஏழு என்று ஆனது. ஏராவில் பாய்மரக் கட்டைக்கு நேர் கீழே மேலாக அரை அங்குலம் மட்டும் மென்மை, அதற்குக் கீழே துரப்பணத்தில் வேங்கை சிவப்புச் சுருளாக வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். தூத்துக்குடித் தம்பி, தகட்டைச் சுற்றி நீங்கள் சொன்ன நீலக்கறுப்பு அப்படியே இருக்கிறது. தகடு போகிறது.

இரண்டு கேள்வி. வெட்டியபின் ஓரத்து நல்ல மரத்தில் பூசணம் மிச்சமிருந்தால் என்ன செய்வது? பண்ருட்டியில் முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்கிறது, அப்பா பலகைக்கு அடிப்பார். அதையே இப்போது எல்லா இடத்திலும் அடித்துவிடலாமா?


முந்திரிக்காடு, பண்ருட்டி
2 மார்ச்

மேடம், எங்கள் வீட்டில் முந்திரி உடைக்கும் வேலை. ஓட்டு எண்ணெய் மரத்துக்கு நல்லது, பூச்சி அண்டாது, தண்ணீர் இறங்காது. ஆனால் தோலில் பட்டால் வெந்து கொப்புளமாகும். எங்கள் வீட்டுப் பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் கொட்டை உடைப்பார்கள், அப்படியும் விரல் கறுத்துத் தோல் உரியும். நல்ல தடிமனான கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. சூடாக்கும்போது புகையிலும் நிற்காதீர்கள்.


தெற்குக் காற்று, சென்னை
3 மார்ச்

எண்ணெய் எல்லாம் கடைசியில்தான், டீச்சர். எண்ணெய் பட்ட மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. ஒட்டு வேலை எல்லாம் முடிந்தபின், ஒட்டாத இடங்களில் மட்டும் அடியுங்கள்.

பூசணத்துக்குப் போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு, வெந்நீரில் கரைகிற அளவு கரைத்து, வெட்டிய முனைகளில் இரண்டு மூன்று தடவை தடவுங்கள். கொஞ்சம் ஈரமிருக்கும் மரத்தில்தான் அது உள்ளே பரவும், அதனால் முழுக்கக் காயும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யலாம். பிறகு காயவிட்டு, மேலே பூத்த வெள்ளை உப்பை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி காயவிட்டு ஒட்டுங்கள். தண்ணீர் ஓடும் வெளிப்பக்கத்தில் போட்டுப் பயனில்லை, கரைந்து போய்விடும். குழந்தைகள், நாய் பக்கத்தில் வர வேண்டாம்.


முதுநகர் பட்டறை, கடலூர்
3 மார்ச்

அம்மா, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரை ஏறிவிடும், கடலூரிலும் தேங்காய்த்திட்டிலும் ஒரு ஆசாரி கையும் சும்மா இருக்காது. வங்கு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அதற்கு முன்.

ஏழு வங்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று. முதல் நான்கைப் போட்டு ஆணி அடித்து முடித்தபின் மீதி மூன்று. அடி மட்டும் கெட்ட வங்குக்குப் பக்கத்தில் இன்னொரு வங்கை ஒட்டி வைத்துக் கட்டுவார்கள் சிலர். எனக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து நல்லதையும் கெடுக்கும். அடியை வெட்டி, நீளச் சாய்வில் புது அடியைச் சேர்த்துவிடுங்கள்.

பாய்மரக் கட்டையை வைக்கும்போது பாய்மரத்தின் அடி உட்காரும் குழியிலிருந்து பின்பக்கமாக ஒரு வடிகால் துளை. உங்கள் பழைய கட்டையில் அது இருந்திருக்கும், பொடியாகிவிட்டதால் தெரியாது. பாய்மரத்தின் மீது வழிகிற மழைத்தண்ணீர் அத்தனையும் அந்தக் குழிக்குத்தான் வரும். குழியில் தண்ணீர் நின்றால் எந்த மரத்தைப் போட்டாலும் போய்விடும்.


ஆற்றங்கரை டீச்சர், புதுச்சேரி
13 ஏப்ரல்

இந்தப் பக்கத்தைப் பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று முடிந்ததை எழுதிவிடுகிறேன்.

வங்கு ஏழும் முடிந்தது. கடலூரிலிருந்து ஒரு ஆசாரி வந்து பன்னிரண்டு நாள் தங்கிச் செய்தார். மூன்று வங்கு முழுசாகப் புதிது, நான்குக்கு அடி மட்டும். பழைய வங்கின் மேல்பாதியில் அப்பா பென்சிலால் எழுதிய எண்கள் அப்படியே இருக்கின்றன. ஆசாரி வாய்ச்சியால் செதுக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, புது அடியிலும் அதே எண்ணை எழுதச் சொன்னார். எழுதினேன்.

பாய்மரக் கட்டைக்குப் பலா. தானே புயல் மரத்திலிருந்து அப்பா மீதம் வைத்திருந்த துண்டு மாமா வீட்டுப் பரணில் 13 வருடமாகக் கிடந்தது. மீட்டரில் 11 காட்டியது. பக்க வெள்ளையைச் சீவியபின் உள்ளே மஞ்சளாக, ரம்பம் வழுக்குகிற அளவு இறுக்கம். குழியும் வடிகாலும் நானே வெட்டினேன், இரண்டு நாள் ஆனது. ஏராவில் மென்மையாக இருந்த அரை அங்குலத்தை இழைத்து எடுத்துவிட்டு வேங்கைத் துண்டு பதித்தோம்.

பின்பலகையின் மூலை ஒட்டும்போது ஒரு தப்பு நடந்தது. மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். கடல் காற்று ஏறி, எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகு தடவியது போல வழவழப்பு. அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்கவில்லை. தெற்குக் காற்று அண்ணனுக்கு போன் செய்தேன். தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் உப்புத்தாள் போடச் சொன்னார். சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எல்லாப் பூச்சும் பனி உலர்ந்த பின், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள்.

மேல்தட்டு இன்னும் பாக்கி. தகட்டுக்குக் கொல்லரிடம் சொல்லியிருக்கிறேன். பலகை இணைப்புகளில் பஞ்சு வைத்து அடைப்பது, அதாவது கலப்பத்து அடிப்பது, தடைக்காலம் முடிந்தபின்தான், ஆசாரி அப்போதுதான் வருவார். அதுவரை தார்ப்பாய் போடவில்லை. கீற்று மட்டும், நான்கு பக்கமும் திறந்தபடி.

சங்கிலி பற்றிச் சொல்ல வேண்டும். துளைகளுக்குள் இறுகியிருந்த ரெசினில் ஏழு இடத்தில் பிடித்திருந்தது. ஒவ்வொரு துளையிலும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கி காட்டி, தமரூசியால் கிளறி, ஒரு நாள் முழுக்க ஆனது. நடுவில் ஓர் இடத்தில் அறுந்திருந்தது. கடைத்தெருவில் ஒரு நகைப் பட்டறையில் கொடுத்துப் பற்ற வைத்து வாங்கினேன். புது வங்குகளின் துளைகளோடு சேர்த்துக் கோத்துவிட்டோம்.

நேற்று சாயங்காலம் முன்பக்கம், அணியத்தில் ஒரு குடம் உப்புத்தண்ணீர் ஊற்றினேன். முதல் மூன்று வங்கு இடைவெளி தாண்டியது, நான்காவதில் நின்றது. சங்கிலியை இரண்டு தடவை இழுத்தேன். ஒரு உருண்டை மரச்சீவல் துளையிலிருந்து வெளியே வந்தது, அதன் பின்னாலேயே தண்ணீர் வந்து பின்பள்ளத்தில் சேர்ந்தது. ஒரு குடமும் வந்து சேர 40 விநாடி.

ஐயா, துளைகளின் உள்சுவருக்கு என்ன பூசுவது? வெட்டிய முனை ரேகை அங்கேதான் வெளியே தெரிகிறது, வெறுமனே விடவும் பயமாக இருக்கிறது, எபாக்ஸி பூசினால் சங்கிலி உரசி உரிந்துவிடுமோ என்றும் இருக்கிறது.


முதுநகர் பட்டறை, கடலூர்
14 ஏப்ரல்

அம்மா, எபாக்ஸி வேண்டாம். குங்கிலியத்தை வேப்பெண்ணெயில் காய்ச்சிச் சூடாக இருக்கும்போதே பழந்துணி சுற்றிய குச்சியால் துளைக்குள் விடுங்கள். நன்றாகக் காய்ந்த மரத்தில் அது உள்ளே இறங்கிவிடும். சங்கிலி மேலே உரசினாலும் உள்ளே இறங்கினது இருக்கும். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் திரும்ப விடுங்கள். கலப்பத்து அடிக்கிற அன்றைக்கு எந்த நாள் என்று சொல்லுங்கள், ஆசாரிக்கு ஒத்தாசையாக நானும் வருகிறேன். புத்தாண்டு வாழ்த்துகள்.